ஆச்சி மனோரமா பெற்ற விருதுகளும் அங்கீகாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறி, லயத்து வீடுகளில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த பிறகும், கோயில் மண்டபத்தில் பழைய தமிழ்ப் படம் போடும் வழக்கம் அற்றுப்போகவில்லை. படம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது பேச்சு எப்படியோ மனோரமாவிடம் வந்து நின்றுவிடுகிறது. பெரியவர்கள் பழைய நினைவில் கேட்கிறார்கள்; தமிழ்ப்பள்ளி மாணவர்கள் புதிர்ப்போட்டிக்கும் கட்டுரைக்குமாகக் கேட்கிறார்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றிவரும் செய்திகளிலோ ஆண்டும் விருதும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. ஆகவே, அதிகம் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

மனோரமா பெற்ற விருதுகளில் கட்டாயம் குறிப்பிட வேண்டியவை எவை?

‘புதிய பாதை’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான இந்தியத் தேசியத் திரைப்பட விருது, 2002ஆம் ஆண்டு இந்திய அரசு வழங்கிய பத்மஸ்ரீ, தமிழ்நாட்டின் கலைமாமணி, 1995ஆம் ஆண்டு தென்னிந்தியத் திரைத்துறைக்கான ஃபிலிம்ஃபேர் வாழ்நாள் சாதனையாளர் விருது ஆகிய நான்கையும் விட்டுவிடக் கூடாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர் என்று 1985ஆம் ஆண்டு கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றதையும் இவற்றோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆனால் அது விருதாகாது, சாதனைப் பதிவு. அமைப்புகளும் ரசிகர் மன்றங்களும் அளித்த பாராட்டுகள் வேறு ஏராளம் உண்டு. அவற்றையெல்லாம் ஒரே பட்டியலில் கொட்டினால் எது பெரிது, எது சிறிது என்று படிப்பவருக்குத் தெரியாமல் போய்விடும் என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

தேசிய விருது கிடைத்தது 1989ஆம் ஆண்டிலா, 1990ஆம் ஆண்டிலா?

இரண்டையும் எழுதுகிறார்கள், விளக்கத்தோடு எழுதினால் இரண்டும் சரியே. இந்தியத் தேசியத் திரைப்பட விருதுக்கு, ஒரு படம் எந்த ஆண்டில் தணிக்கைச் சான்றிதழ் பெற்றதோ அந்த ஆண்டுதான் கணக்கு. நடுவர் குழு படங்களைப் பார்த்து முடிவை அறிவிப்பதும், குடியரசுத் தலைவர் கையால் பதக்கம் வழங்கப்படுவதும் அதற்குப் பிந்தைய ஆண்டில் நடக்கும். ‘புதிய பாதை’ 1989ஆம் ஆண்டின் படம். அதற்கு விருது கிடைத்தது 1990இல் வழங்கப்பட்ட 37ஆவது தேசிய விருதுகளில். புதிர்ப்போட்டி நடத்துபவர்கள் ‘எந்த ஆண்டின் படத்துக்கு’ என்று கேள்வியைத் திருத்திக் கேட்டால் பிள்ளைகள் வீணாக மதிப்பெண் இழக்க மாட்டார்கள்.

பார்த்திபன் இயக்கி, கதாநாயகனாகவும் நடித்த அந்தப் படம், அதே ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது.

1958ஆம் ஆண்டிலிருந்து நடித்தவருக்கு முதல் தேசிய விருது கிடைக்க ஏன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று?

கேட்பவர்களில் பலர் இதற்கு ஒரு சதியை எதிர்பார்க்கிறார்கள். வட இந்தியர்கள் தமிழ்ப் படங்களை ஒதுக்கினார்கள் என்பது அவர்களில் பெரும்பாலானோர் தயாராக வைத்திருக்கும் பதில். அதில் உண்மை கொஞ்சமும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆயினும் மனோரமாவைப் பொறுத்தவரை அதைவிட எளிய காரணம் ஒன்று இருக்கிறது. அவர் நடித்த வகைப் பாத்திரங்களுக்குத் தேசிய விருதில் நெடுங்காலம் இடமே ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகள் 1954ஆம் ஆண்டு தொடங்கியபோது படங்களுக்குத்தான் பரிசு. நடிகர் நடிகையருக்குத் தனிப் பரிசு கிடையாது. சிறந்த நடிகர், சிறந்த நடிகை என்ற பிரிவுகள் 1967ஆம் ஆண்டின் படங்களிலிருந்துதான் வந்தன. முதலில் சிறந்த நடிகையாகத் தேர்வானவர் இந்தி நடிகை நர்கீஸ். சிறந்த துணை நடிகர், துணை நடிகை என்ற பிரிவுகளோ 1984ஆம் ஆண்டின் படங்களிலிருந்துதான் வழங்கப்பட்டன. அதாவது, மனோரமா ‘மாலையிட்ட மங்கை’யில் அறிமுகமான 1958ஆம் ஆண்டு முதல் 1983 வரை, கதாநாயகி அல்லாத ஒரு நடிகை எவ்வளவு சிறப்பாக நடித்திருந்தாலும், அவருடைய பெயரை எழுதுவதற்கு அந்தப் பட்டியலில் ஒரு வரி கூட இல்லை.

‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை வைத்து இதைப் பார்த்தால் விளங்கும். 1968ஆம் ஆண்டு ஏ.பி. நாகராஜன் இயக்கிய அந்தப் படத்தில் சிவாஜியும் பத்மினியும் முதன்மைப் பாத்திரங்கள். நாடகக் குழு நடத்தும் ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா வருகிறார். நாகசுர வித்துவானின் வாசிப்பைக் கேட்டுவிட்டு, அந்த நாயனத்தைப் பற்றி அவர் வெள்ளந்தியாக ஒரு கேள்வி கேட்பாரே, அந்த இடத்தைக் கவனித்துப் பாருங்கள். கேள்வி சிரிப்பை வரவழைக்கிறது. முகத்திலோ பொய்யில்லாத வியப்பு. கேட்கப்படுபவரிடம் வாய்விட்டுச் சொல்லாத ஓர் ஈடுபாடும், அது கைகூடாது என்ற தெளிவும் அந்தக் குரலின் இழைவிலேயே தெரிந்துவிடுகின்றன. சிவாஜிக்கு எதிரே நின்று, அவரையே ரசிகனாக்கி உட்காரவைக்கும் காட்சி அது. படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம், சிறந்த வண்ண ஒளிப்பதிவு என்று இரண்டு தேசிய விருதுகள் கிடைத்தன. ரமாமணிக்குக் கொடுப்பதற்கு டில்லியில் அப்போது விருதே இல்லை.

பிரிவு தொடங்கிய ஐந்து ஆண்டுகளுக்குள் அது அவரைத் தேடி வந்துவிட்டது. ஆகவே ‘முப்பது ஆண்டுத் தாமதம்’ என்று எழுதுவதைக் காட்டிலும், ‘பிரிவு ஏற்பட்ட ஆறாவது முறையிலேயே’ என்று எழுதுவது உண்மைக்கு நெருக்கமானது என்பது என் கருத்து.

அப்படியானால் சிறந்த நடிகைக்கான தேசிய விருதை அவர் பெற்றதே இல்லையா?

பெற்றதில்லை. தமிழ்ப் படங்களுக்காக அந்த விருதைப் பெற்றவர்கள் என்று பார்த்தால், ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ படத்துக்காக லட்சுமி, ‘பசி’க்காக ஷோபா, ‘சிந்து பைரவி’க்காக சுஹாசினி, ‘வீடு’ படத்துக்காக அர்ச்சனா, ‘பருத்திவீரன்’ படத்துக்காக பிரியாமணி, ‘தென்மேற்குப் பருவக்காற்று’க்காக சரண்யா பொன்வண்ணன் ஆகியோரும், அண்மைக் காலத்தில் ‘சூரரைப் போற்று’க்காக அபர்ணா பாலமுரளி, ‘திருச்சிற்றம்பலம்’ படத்துக்காக நித்யா மேனன் ஆகியோரும் வருகிறார்கள்.

இவர்களில் சரண்யாவின் விருதை நான் தனியாகவே பார்க்கிறேன். 2010ஆம் ஆண்டின் அந்தப் படத்தில் அவர் ஏற்றது நாயகனின் தாய் வேடம். அம்மா வேடம் என்றால் துணை நடிகைதான் என்ற கணக்கு அங்கே உடைந்தது. ‘சின்னத் தம்பி’யிலும் ‘சின்ன கவுண்டர்’ படத்திலும் மனோரமா அதே போன்ற தாய் வேடங்களை ஏற்ற 1990களின் தொடக்கத்தில் நடுவர்கள் அப்படி நினைத்துப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகமே.

துணை நடிகை விருது என்றால் ஒரு படி கீழானதா?

இல்லை. சிறந்த நடிகைக்கும் சிறந்த துணை நடிகைக்கும் வழங்கப்படுவது ஒரே வெள்ளித் தாமரைப் பதக்கம்தான்.

பத்மஸ்ரீ என்பது நம் நாட்டு டத்தோ விருதைப் போன்றதா? அவர் பெயருக்கு முன்னால் ‘பத்மஸ்ரீ’ என்று போடலாமா?

இரண்டும் அரசு வழங்கும் உயர் மரியாதைகளே. ஆனால் பெயரோடு சேர்த்து எழுதும் முறையில் இரண்டும் நேர்மாறானவை. நம் நாட்டில் டத்தோ, டான் ஸ்ரீ, துன் ஆகியவை கிடைத்த நாளிலிருந்து பெயரின் பகுதியாகிவிடுகின்றன. இந்த ஊரில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தனை ‘துன்’ இல்லாமல் யாரும் குறிப்பிடுவதில்லை. பி.ஜே.கே., பி.பி.என். போன்ற அரசுப் பதக்கங்களைப் பெற்ற பழைய தலைமையாசிரியர்களும் கிராணிமார்களும் (தோட்ட எழுத்தர்களும்) கூட அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் அதை மறக்காமல் அச்சிடச் சொல்வார்கள். அச்சகத்தார் விட்டுவிட்டால் அதுவே ஒரு மனத்தாங்கலாகிவிடும்.

இந்தியாவிலோ, அரசியலமைப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அரசு பட்டங்கள் வழங்குவதைத் தடை செய்கிறது. அப்படியிருக்க, 1954ஆம் ஆண்டு தொடங்கிய பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் சட்டப்படி செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவை பட்டங்கள் அல்ல, மரியாதைகளே, ஆகவே செல்லும், ஆனால் பெற்றவர்கள் அவற்றைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று 1995ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. எனவே ‘பத்மஸ்ரீ மனோரமா’ என்று பதாகையில் எழுதுவது இந்திய முறைப்படி சரியல்ல. ‘பத்மஸ்ரீ விருது பெற்ற மனோரமா’ என்று எழுதலாம். நம் ஊர்ப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும் என்பது தெரியும். இந்தி நடிகர் ஷாருக் கானுக்கு மலாக்கா மாநிலம் 2008ஆம் ஆண்டு டத்தோ விருது அறிவித்தபோது இங்கே பத்திரிகைகள் உடனே ‘டத்தோ ஷாருக் கான்’ என்று எழுதத் தொடங்கியதை நினைத்துப் பார்த்தால், இரு நாட்டு வழக்கத்துக்கும் உள்ள இடைவெளி புரியும்.

வரிசையில் பாரத ரத்னா முதலிடம். அடுத்தவை பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ. சிவாஜி கணேசனுக்கு 1966ஆம் ஆண்டிலேயே பத்மஸ்ரீ கிடைத்தது, 1984இல் பத்ம பூஷண். மனோரமாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது அவருடைய திரை வாழ்க்கை நாற்பத்து நான்கு ஆண்டுகளைக் கடந்திருந்தது. தேசிய விருதுக்குப் பிரிவு இல்லை என்று சமாதானம் சொல்லலாம். பத்ம விருதில் அப்படிப் பிரிவு எதுவும் தேவையில்லை. இந்தத் தாமதத்துக்கு என்னிடம் சமாதானம் இல்லை. நகைச்சுவை நடிப்பைக் கலையின் இரண்டாம் வரிசையில் வைக்கும் மனப்பாங்கு, விருதுக்குப் பெயர் அனுப்பும் மேசைகளிலும் இருந்தது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆயிரம் படங்களில் ஒருவர் நடிக்க முடியுமா? கின்னஸ் செய்தி உண்மைதானா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1958இலிருந்து 1985 வரை இருபத்தேழு ஆண்டுகள். ஆயிரம் படங்கள் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 37, மாதத்துக்கு மூன்று. கதாநாயகிக்கு இது நடக்காத காரியம்; நகைச்சுவை, குணச்சித்திர நடிகைக்கு நடக்கக்கூடியது. கோடம்பாக்கம் ஸ்டூடியோக்களில் அந்நாளில் கால்ஷீட் முறையில் வேலை நடந்தது. காலையில் ஒரு படம், பிற்பகலில் இன்னொன்று, இரவில் மற்றொன்று என்று ஒரே நாளில் மூன்று தளங்களுக்குப் போய்வந்த நடிகர்கள் உண்டு. நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எழுதி, சில நாள்களில் மொத்தமாக எடுத்து முடித்துவிடுவதும் வழக்கமாக இருந்தது. நாகேஷ், மனோரமா இணையின் பகுதிகள் பல படங்களில் மூலக்கதையோடு ஒட்டாமல் தனித்து நிற்பதற்கும் இதுவே காரணம். தமிழோடு தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி ஆகிய மொழிகளிலும் அவர் நடித்திருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொண்டால் எண்ணிக்கை நம்பக்கூடியதுதான்.

2015ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் தமது 78ஆவது வயதில் அவர் காலமானபோது, மொத்த எண்ணிக்கை 1,500ஐத் தாண்டும் என்று செய்திகள் எழுதின. கட்டுரையில் ‘ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள்’ என்று எழுதுவதே பாதுகாப்பானது.

கலைமாமணி விருதை யார் வழங்குகிறார்கள்?

தமிழ்நாடு அரசின் இயல் இசை நாடக மன்றம் வழங்குகிறது. திரைத்துறைக்கு மட்டும் உரியதன்று. நாகசுரம், பரதநாட்டியம், தெருக்கூத்து, இலக்கியம் எனப் பல துறையினருக்கும் ஒரே நேரத்தில் வழங்கப்படுவது. மனோரமாவைப் போல நாடக மேடையில் காலூன்றிய பின் திரைக்கு வந்தவர்களுக்கு இது மிகவும் பொருந்திய விருது என்பேன். எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் நடித்தவர் அவர். கருணாநிதி எழுதிய ‘மணிமகுடம்’ நாடகத்தில் நடித்துப் பெயர் பெற்றவர். ஜில் ஜில் ரமாமணியின் நாடகக் கொட்டகை அசலாக இருப்பதற்கு அந்த அனுபவம் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

ஃபிலிம்ஃபேர் அரசு விருதா?

அன்று. மும்பையிலிருந்து வெளிவரும் திரைப்பட இதழ் ஒன்று வழங்கும் தனியார் விருது. புகழில் குறைவில்லை, ஆனால் அரசு விருதுகளோடு ஒரே வரியில் எழுதுவதைத் தவிர்க்கலாம்.

தாதாசாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்ததா?

கிடைக்கவில்லை. இந்தியத் திரைத்துறையின் அந்த உச்ச விருதைத் தமிழ்த் திரையுலகிலிருந்து சிவாஜி கணேசன், கே. பாலசந்தர், ரஜினிகாந்த் ஆகியோர் பெற்றிருக்கிறார்கள். 1969ஆம் ஆண்டுக்கான முதல் பால்கே விருதே தேவிகா ராணி என்ற நடிகைக்குத்தான் கிடைத்தது; ஆனால் அதற்குப் பின் தமிழ்த் திரையின் நடிகை ஒருவர் கூட அந்தப் பட்டியலுக்குள் நடிப்புக்காக வரவில்லை. புலனத்தில் வரும் ‘பால்கே விருது பெற்ற ஆச்சி’ என்ற படச் செய்தியைப் பிறருக்கு அனுப்ப வேண்டாம்.

ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்கிறார்களே, அது எப்படி?

அண்ணா, கருணாநிதி ஆகியோருடன் நாடக மேடையில், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா ஆகியோருடன் தமிழ்ப் படங்களில். ஆந்திர முதலமைச்சராக இருந்த என்.டி. ராமராவுடன் தெலுங்குப் படங்களில். இது விருதன்று என்றாலும், விருதுப் பட்டியலைவிட மக்கள் நினைவில் நிற்பது இதுதான்.

‘ஆச்சி’ யார் கொடுத்த பட்டம்?

அரசோ அமைப்போ கொடுத்ததில்லை. மன்னார்குடியில் பிறந்து, செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்தவர் என்பதால் திரையுலகில் அப்படி அழைக்கத் தொடங்கினார்கள், நிலைத்துவிட்டது.

அவர் கதாநாயகியாக நடித்ததுண்டா?

உண்டு. 1963ஆம் ஆண்டு ‘கொஞ்சும் குமரி’ படத்தில் நாயகி அவர்தான். அந்தப் பாதையிலேயே தொடர்ந்திருந்தால், ஏழெட்டு ஆண்டுகளில் ஓய்ந்துபோன நாயகியரில் ஒருவராக ஆகியிருக்கவும் கூடும்.

தோட்டப்புற மக்கள் அவரை இவ்வளவு கொண்டாடியது ஏன்?

விருதுகளைப் பற்றிய பக்கத்தில் இதற்கும் இடம் வேண்டும் என்று நினைக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை இங்குள்ள மூத்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள். முன்னால் பாய் விரிக்க இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்புறம் உட்கார்ந்து, எழுத்துகளெல்லாம் இடவலம் மாறித் தெரிய, அப்படியே முழுப் படத்தையும் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் வரிசைக்கு) நிற்கும்போதும், பால் வாளியோடு ரப்பர் மர நிரைக்குள் நுழையும்போதும் அவர்கள் பேசிக் காட்டியது நாயகியின் வசனத்தை அல்ல, மனோரமாவின் பேச்சை. சென்னைத் தமிழ், கொங்குத் தமிழ், தஞ்சாவூர்த் தமிழ், பிராமணத் தமிழ் என்று எந்த வட்டார வழக்கையும் அவர் அதன் நெளிவுசுளிவோடு பேசினார். வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து கப்பலேறி வந்து ஒரே லயத்தில் சுவரை ஒட்டி வாழ்ந்த குடும்பங்களுக்கு, தங்கள் பாட்டி பேசிய பேச்சைத் திரையில் கேட்பது சாதாரண விஷயமாக இருந்திருக்காது. ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் வேலைக்காரி கண்ணம்மாவாக அவர் சம்பந்தியை வாயடைக்க வைக்கும் காட்சிக்கு, நம் மண்டபத்தில் இன்றைக்கும் கைதட்டல் விழுகிறது. வீட்டு வேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்களிடமிருந்துதான் அது முதலில் எழுகிறது.

தமிழ்ப்பள்ளி மாணவர் கட்டுரையில் விருதுகளை எந்த வரிசையில் எழுதலாம்?

அரசு விருதுகளை முதலிலும், தனியார் விருதை அடுத்தும், கின்னஸ் பதிவைக் கடைசியிலும் எழுதலாம். ஒவ்வொன்றோடும் வழங்கியவர் யார் என்பதையும், தேசிய விருதானால் படத்தின் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். ஆண்டு ஐயமாக இருந்தால் ஆண்டை விட்டுவிடலாம். ஆசிரியர் குறைக்க மாட்டார். தவறான ஆண்டுக்குக் குறைப்பார்.

கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது?

‘தில்லானா மோகனாம்பாள்’ நீளமான படம். சிறுவர்கள் பொறுமையிழப்பார்கள் என்றால் ரமாமணி வரும் பகுதியை மட்டும் போடலாம். ‘சம்சாரம் அது மின்சாரம்’ குடும்பத்தோடு பார்க்கத் தக்கது. 1986ஆம் ஆண்டின் சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதான தங்கத் தாமரையைப் பெற்றதும் கூட. தேசிய விருது பெற்றுத் தந்த படமாயிற்றே என்று ‘புதிய பாதை’யைச் சிறுவர் நிகழ்ச்சியில் சேர்க்கச் சிலர் கேட்கிறார்கள். அதன் கதை ஒரு பெண்ணுக்கு இழைக்கப்படும் வன்கொடுமையை அடித்தளமாகக் கொண்டது. அதைப் பெரியவர்களுக்கான இரவுக் காட்சியாக வைத்துக்கொள்வதே நல்லது.